தீர்ப்புக்குப் பின்னும் ஒரு வாயில்

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். கடமையிலிருந்த காவலர்களும் பொதுமக்களும் உடன் மாண்டனர். அவ்வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது.

இத்தகைய கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டோருக்கு மேல்முறையீடு எதற்கு? இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. மாண்டோரின் குடும்பங்கள் சிந்திய கண்ணீர் அதில் உண்டு. ஆயினும் தண்டனைக்குரியவர் யார் என்பதைக் கண்ணீர் தீர்மானிக்க முடியாதன்றோ?

தடா சட்டம் காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்றது. மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் செல்லவும் வழியில்லை. உச்ச நீதிமன்றம் ஒன்றே எஞ்சிய வாயில். அவ்வாயில் வழியே சென்றதன் பயன் என்ன? 1999 மே 11 அன்று, இக்கொலை தடா சட்டம் கூறும் பயங்கரவாதக் குற்றம் ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நால்வருக்கு மரண தண்டனை உறுதியாயிற்று. மூவருக்கு அது ஆயுள் தண்டனையாயிற்று. எஞ்சிய 19 பேர்மீது கொலைச் சதிக் குற்றம் நிலைக்கவில்லை. அவர்கள் விடுதலை பெற்றனர்.

அத்துடனும் உண்மை முழுமையாகவில்லை. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். 2014-இல் பேரறிவாளனின் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022-இல் அவர் விடுதலையானார். முன்னரே தூக்கிலிட்டிருந்தால் அந்த அதிகாரியின் சொல் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

தானியேல் நூலில் சூசன்னாவுக்கு முறைப்படியே மரணத் தீர்ப்பு வழங்கப்படுகிறது. மீண்டும் விசாரிக்குமாறு ஓர் இளைஞன் குரலெழுப்ப, தனித்தனியே வினவப்பட்ட சாட்சிகளின் பொய் வெளியாகிறது. மதுரையில் கோவலனுக்கு அக்குரல் வாய்க்கவில்லை; கண்ணகியின் வழக்கு அவன் இறந்தபின்னரே அரசவை ஏறியது.

மேல்முறையீடு குற்றத்திற்குக் காட்டும் சலுகை அன்று. நீதிபதியும் மனிதரே என்பதை ஏற்கும் ஒரு சமுதாயத்தின் பணிவு அது. குற்றமற்றவரைத் தண்டிப்பதால் மாண்டோருக்கு நீதி கிடைப்பதில்லை.

பூந்தமல்லியில் இன்றும் பயங்கரவாத வழக்குகளுக்கெனச் சிறப்பு நீதிமன்றம் இயங்குகிறது. தேசியப் புலனாய்வு முகமைச் சட்டப்படி அதன் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் முன் முறையிடலாம். அவ்வாறு முறையிடுவோரையும் அவர்தம் வழக்கறிஞரையும் குற்றத்தின் துணைவர் எனப் பழிக்குமுன், தூக்குமேடையிலிருந்து மீண்ட அந்த 19 பேரை நினைத்துப் பார்ப்பது நமது கடமை.