ஊர் எது என்ற கேள்வி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தால் வருவது பிலிமத்தலாவை. பித்தளை விளக்குகள் தொங்கும் கடைகளுக்கு முன்னால் பஸ் ஏறி, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் கண்டி நகரத்துக் கடைகளுக்கும் போகிற இளைஞர்களுள் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களும் உண்டு. அவர்களிடம் ஊர் எதுவென்று கேட்டுப் பாருங்கள். சிலர் “கண்டிப் பக்கம்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. இது பொய்யா?

எந்நிலையிலும் உண்மையே பேசவேண்டும் என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். வள்ளுவர் அவ்வளவு கடுமையாக இல்லை. பிறர்க்குத் தீங்கு பயவாமையை அவர் அளவுகோலாக வைத்தார். ஆனால் இவ்விருவரும் பேசியது பதில் சொல்பவனின் கடமையைப் பற்றி. கேட்பவனின் கடமை என்ன என்பதே நம் கேள்வி. “தோட்டக்காட்டான்” என்றொரு சொல் இந்நாட்டில் உண்டு. அழுக்கன், குடிகாரன், படிப்பு ஏறாதவன், நேற்று வந்தவன் என்ற இத்தனை தீர்ப்புகளும் அதில் அடக்கம். தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விக்கு முழு விடை தரவேண்டிய கடன் எவர்க்கும் இல்லை. ஆகவே, மறைக்கும் மாணவனை நாம் குறை கூறோம்.

ஆயினும் மறைப்பவன் தன்னை மட்டுமே காத்துக்கொள்கிறான். கூடையைச் சுமந்து மலையேறும் அவனுடைய தாய்க்கு மறைக்க வழியில்லை. அந்தச் சொல் அவள்மீது அப்படியே கிடக்கிறது. வேறு சிலர் தங்கள் தகுதியை நிரூபிக்க முயல்கிறார்கள். பட்டம் பெறுகிறார்கள், வெள்ளைச் சட்டை அணிகிறார்கள், பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் உயர்ந்த பரிசு, “நீ மற்றவர்களைப் போல் இல்லை” என்ற பாராட்டு. இதைவிட நயமான அவமதிப்பை நாம் கேட்டதில்லை! ஒருவனை விதிவிலக்காக்கிவிட்டு, விதியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் தப்பெண்ணம் எப்படி உடைகிறது? இழிவுக்கு ஆளானோர் முதலில் தம்முள் பேசத் தொடங்கும்போது. தன் வீட்டின் வெட்கம் என்று ஒருத்தி ஒளித்து வைத்திருந்தது எல்லா லயங்களிலும் இருப்பதை அவள் கண்டுகொள்கிறாள். பல குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் வைத்தவன் யார்? ஒற்றை அறையில் ஒரு குடும்பத்தையே அடைத்தவன் யார்? அழுக்கு என்பது குணத்தைவிட்டு நீங்கிக் கணக்குப் புத்தகத்தில் போய் அமர்கிறது. வெளியிலிருந்து எத்தனை நல்லவர்கள் பரிந்து பேசினாலும் இந்த மாற்றம் நேராது.

மலையகத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. சட்டமே அந்நியர் என்று கூறிவிட்ட பிறகு கடைத்தெருவின் வாயை யார் அடைப்பது? அந்த இருண்ட ஆண்டுகளில்தான் ஸி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து வாழ்வைக் கவிதையாக்கினார். தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். 1960களில் இரா. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் சங்கங்களிலும் சஞ்சிகைகளிலும் கூடினர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ஒட்டிய “இந்தியத் தமிழர்” என்ற பெயர்ச் சீட்டு இருந்த இடத்தில், “மலையகம்” என்ற சொல் வேரூன்றியது அக்காலத்தில்தான். பிறர் இட்ட பெயர் ஒன்று, தாமே தெரிந்துகொண்ட பெயர் ஒன்று; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அகராதியில் அகப்படாது.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் இங்கே நினைக்கவேண்டும். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டார்கள். இங்கே “இந்தியாக்காரன்” என்று ஏசப்பட்டவன் நீலகிரியில் போய் இறங்கியதும் “சிலோன்காரன்” ஆனான். ஆள் அவனேதான். இடைப்பட்டது ஒரு கப்பற் பயணம். இழிசொல் அவனைப் பற்றியதாக இருந்திருந்தால் கடல் தாண்டியதும் எப்படி மாறும்?

“நேற்று வந்தவன்” என்பதற்கு விடையாகச் சிலர் பழைமையைக் காட்டுவதுண்டு. பிலிமத்தலாவைக்கு அருகிலுள்ள கடலாதெனிய விகாரையின் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி தென்னாட்டவர். லங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் 1344ஐச் சேர்ந்தவை. மகிழ்ச்சிதான். ஆனால் உரிமைக்கு ஆறு நூற்றாண்டுச் சாட்சி வேண்டுமென்று ஒப்புக்கொண்டால், 1823இல் கம்பளைக் காப்பித் தோட்டத்துக்கு வந்தவனின் பேரப்பிள்ளைகளை நாமே கைவிட்டவர்களாவோம். காடு வெட்டியதும் தேயிலை நட்டதும் போதாதா?

2003இன் சட்டத்தால் எஞ்சியிருந்த நாடற்ற நிலை நீங்கியது. 2023இல், இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்துவந்த வழி அது. அந்த நடைபயணத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் “மாண்புமிகு மலையக மக்கள்”. இரக்கம் கேட்டு அவர்கள் நடக்கவில்லை. தங்கள் வரலாறும் உழைப்பும் ஏற்கப்படவேண்டும், காணி வேண்டும், வாழத்தக்க ஊதியம் வேண்டும் என்று கேட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். லயத்துக்குள்ளேயே சாதி கேட்டுச் சம்பந்தம் பேசுவோர் இன்றும் உண்டு. “ஊர் எது” என்று நகரத்தான் கேட்கும்போது குமுறுகிற நம்மவர், கல்யாணப் பேச்சில் அதே தொனியில், “தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தெரு?” என்று கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவன் அங்கேயும் ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறான்.