காதைத் தீட்டிக்கொண்டு மேடை ஏறு!

இன்னும் சில நாளில் உன் நாடகம். கல்லூரி ஆண்டு விழாவோ, ஊர்த் திருவிழாவோ, சபா மேடையோ, எதுவானாலும் சரி. இப்போதே அடிவயிறு கலங்குகிறது. வசனம் மறந்துவிட்டால்? நாக்கு குழறினால்? நாலு பேர் சிரித்துவிட்டால்? இந்தக் கேள்விகள் வந்ததற்காக வெட்கப்படாதே. ஆனால் ஒருமுறை அவற்றை உற்றுப் பார். எல்லாமே உன்னைப் பற்றியவை. உன் வசனம், உன் நாக்கு, உன் மானம். பயம் குடியிருக்கும் இடம் அதுதான். அங்கிருந்து உன் கவனத்தைப் பிடுங்கி, எதிரே நிற்கும் நடிகரிடம் நடு. மேடையை வெல்லும் வழி அங்கே தொடங்குகிறது!

நம்ப முடியவில்லையா? பங்குனி, சித்திரையில் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போ. விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் ஒன்றைப் பார். நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊர்க்காரர். ஆர்மோனியம், மிருதங்கம், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்ததில்லை. அன்றிரவு அரிதாரம் பூசும் இடத்தில்தான் சிலர் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் 'வள்ளி திருமணம்' நாடகம் பொழுது விடியும்வரை தடையில்லாமல் ஓடும்.

எப்படி முடிகிறது? முதல் காரணம் பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதி வைத்த பாட்டும் வசனமும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். தன் பங்கோடு எதிராளி பங்கும் சேர்த்தே தெரியும். இரண்டாவது காரணம் காது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும் கட்டத்தைக் கவனி. நாரதர் எந்தப் பக்கமிருந்து கேள்வியை வீசுவார், எந்தப் பாட்டை எடுப்பார் என்பது வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது. வள்ளி நாரதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கேள்வியின் கடைசிச் சொல்லைக் கவ்விப் பிடிப்பார், அந்தச் சொல்லிலிருந்தே பதிலைக் கிளப்புவார். அதற்குள் ஆர்மோனியக்காரர் சுருதியை ஏந்திக்கொடுப்பார். அந்த வேகத்தில் தன்னைப் பற்றிக் கவலைப்பட நேரம் ஏது? பயம் நுழைய வாசல் ஏது?

அதே சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவான பால சபையில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர் டி.கே. சண்முகம். வளர்ந்தபின் ஔவைக் கிழவியாக மேடையில் வாழ்ந்தார், அவ்வை சண்முகம் ஆனார். வி.சி. கணேசன் என்ற இளைஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நின்றார், பெரியார் வாயால் சிவாஜி கணேசன் ஆனார். இருவர் பெயரிலும் பாத்திரம் முன்னே நடக்கிறது, ஆள் பின்னே வருகிறார். மேடையில் உன் இடமும் அதுதான். பாத்திரத்தை முன்னே விடு!

பெரிய நடிகர்களுக்குப் பயமே கிடையாது என்று நினைக்காதே. லாரன்ஸ் ஒலிவியர் ஆங்கில மேடையின் தலைமகன், லண்டன் நேஷனல் தியேட்டரின் இயக்குநராகவே இருந்தவர். 1960களின் நடுவில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மேடைப் பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. ஒதெல்லோவாகத் தனியே நின்று பேச வேண்டிய கட்டங்களில் கால் ஓடப் பார்த்தது. அவர் என்ன செய்தார்? இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயிடம், உள்ளே போய்விடாமல் பக்கத் திரையோரம் என் கண்ணில் படும்படி நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பயத்தை வைத்துக்கொண்டே நடித்தார். அவ்வளவு பெரிய கலைஞர் சக நடிகரைப் பற்றிக்கொள்ளக் கூச்சப்படவில்லை. நீ ஏன் கூச்சப்படுகிறாய்?

இனி வேலையில் இறங்கு. ஒத்திகையில் ஒருவரை வேண்டுமென்றே ஒரு வரியை விழுங்கச் சொல், மீதிப் பேர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார். நாடகத்தன்று அரசனாக நிற்பவர் வசனம் மறந்து விழித்தால் நீயும் சேர்ந்து விழிக்காதே. "மன்னா, தூதன் கொண்டுவந்த ஓலையைப் பற்றித்தானே யோசிக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வியைப் போடு. அவருக்கு வரி கிடைத்துவிடும். கூட்டத்துக்கோ அது நாடகத்தின் ஒரு பகுதி! சபை சிரித்தால் அதன்மேல் ஏறிப் பேசாதே, சிரிப்பு தணியத் தொடங்கும்போது அடுத்த வரியை எடு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நாடக மேடையில் பாடி நடித்த கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் தொண்டை ஒன்றை நம்பியே கொட்டகையை நிறைத்தார்கள். உனக்கு மைக் இருக்கிறது என்று மெத்தனமாக இருக்காதே. நிறைய மூச்செடு. ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் விழுங்காமல் உரக்க முடி. எதிரில் நிற்பவர் பதில் சொல்லக் காத்திருப்பது அந்தச் சொல்லுக்காகத்தான்.

தன்னம்பிக்கை வந்தபிறகு மேடை ஏறலாம் என்று காத்திருந்தால் காலம் முழுக்கக் கீழேயே உட்கார்ந்திருப்பாய். பாடம் செய்தவனுக்கு, காது கொடுத்தவனுக்கு, சக நடிகனைத் தாங்கியவனுக்கு அது மேடையிலேயே வந்து சேரும்.

இன்றிரவே நாடகப் பிரதியை எடு. உன் வசனங்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருப்பாய். உனக்கு முன்னால் பேசுகிறவரின் ஒவ்வொரு வரிக்கும் இப்போது கோடு போடு. அதை வாய்விட்டுப் படி, மனப்பாடமாகும்வரை படி. நாளை ஒத்திகைக்கு முதல் ஆளாகப் போய் நில். மணி அடித்ததும் ஏறு. கேள். பதில் சொல். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்!