வேலைக்கு எடுத்தது யாரை?

காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயர் திருத்துவது எனக்கு அன்றாட வேலை. கல்யாணம் முடிந்து திரும்பும் பெண், திருமணச் சான்றிதழ் நகலோடு ஒரு மனு கொடுப்பாள். அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வரும். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், அடையாள அட்டை என்று எல்லாவற்றிலும் மாற்றிவிடுவோம். 'நீ பழைய ஆள்தானா?' என்று யாரும் கேட்பதில்லை. வேலையில் இருந்துகொண்டே பெண்ணாக வாழத் தொடங்கும் ஒரு திருநங்கையிடம் மட்டும் அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறோம்?

சாபி கிரி 2010இல் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தார். 2016இல் விடுப்பில் சென்று பால்மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2017 அக்டோபரில் கடற்படை அவரைப் பணியிலிருந்து நீக்கியது. எந்தப் பாலினத்தவராகச் சேர்க்கப்பட்டாரோ அதைத் தாமாகவே மாற்றிக்கொண்டார், அதனால் பணிக்கான தகுதி விதிகளை மீறிவிட்டார் என்று காரணம் சொன்னது. அந்தக் காலத்தில் மாலுமிப் பணிக்குப் பெண்களை எடுப்பதில்லை. ஏழாண்டுப் பயிற்சியும் அனுபவமும் அவரிடம் அப்படியேதான் இருந்தன. அப்படியானால் 2010இல் வேலைக்கு எடுத்தது யாரை? வேலை கற்ற ஒரு மனிதரையா, ஓர் ஆண் உடலையா?

பெண்களுக்கு இந்தக் கேள்வி பழகியதுதான். ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண், முதல் முறை கருவுற்றதும் வேலையைவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1981இல் நர்கீஸ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கருவுற்றால் உடல் மாறும். வேலை தெரிந்தவள் மாறுவதில்லை. உடல் மாறியதைக் குற்றமாக்கி ஒருத்தியின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்று நமக்காக வாதாடினோம். அந்த நியாயம் நம்மோடு நின்றுவிடுமா?

கருவுறுவது இயற்கை, இது அவர்களாகத் தேர்ந்துகொண்டது என்பார்கள். கல்யாணமும் தேர்ந்துகொள்வதுதான், அதற்காக நாம் யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை. மேலும், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து வருவது கழிப்பறை. 'பெண்கள் சங்கடப்படுவார்கள்' என்று நிர்வாகம் நம் பெயரைச் சொல்லும். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் திண்ணையும் முகப்பும் ஆண்களின் வரவு செலவுக்கும் பேச்சுக்கும். பெண்களுக்கு உள்கட்டும் அடுப்படியும். பெண்ணின் கௌரவத்துக்காக என்றுதான் அதற்கும் காரணம் சொன்னார்கள். கடைகளில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்கள் உட்கார ஓர் இருக்கை பெற, தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. நாம் கழிப்பறை கேட்டால் இடமில்லை என்பவர்களுக்கு, ஒரு திருநங்கை வந்ததும் நம் கௌரவம் நினைவுக்கு வருகிறது.

உண்மையாகவே தயங்கும் பெண்களும் உண்டு. அந்தத் தயக்கத்தைப் பேசித் தீர்க்கலாம், தாழ்ப்பாள் சரியாக விழும் கதவு போடலாம். யாராவது தவறாக நடந்தால், அவர் யாராக இருந்தாலும் புகார் செய்ய வழி இருக்கிறது. ஆனால் ஒருவரின் தயக்கத்துக்கு இன்னொருவர் தன் வேலையை விலையாகக் கொடுக்க முடியாது.

2019ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது, ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலரை நியமிக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் ஜேன் கௌஷிக் என்ற திருநங்கை ஆசிரியர், உத்தரப் பிரதேசத்தில் ஒரு பள்ளியிலும் குஜராத்தில் ஒரு பள்ளியிலும் வேலை இழந்து உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் அவருக்கு இழப்பீடு தர உத்தரவிட்ட நீதிமன்றம், இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் கொள்கை வகுக்க ஒரு குழுவையும் அமைத்தது.

கொள்கை வரட்டும். பதிவேட்டில் பெயர் மாற, விடுப்புக் கிடைக்க, கழிப்பறை திறக்க அது உதவும். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பதும், 'ஆபரேஷன் ஆயிடுச்சா?' என்று கேட்காமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. மதியம் நாம் வட்டமாக உட்கார்ந்து குழம்பைப் பகிர்ந்துகொள்கிறோம். அவர் டிபன் பாக்ஸோடு வரும்போது கொஞ்சம் நகர்ந்து உட்கார எந்த உத்தரவும் தேவையில்லை.