மாற்றிய எஞ்சினும் மறைத்த மெய்யும்

ஒரு பொருளின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாக மாறியபின்னும் அப்பொருள் அதுவேயாமோ, வேறாமோ என்பது அறிஞர் பண்டுதொட்டு ஆராய்ந்துவரும் வினா. தீசியஸ் என்னும் வீரன் ஏறிவந்த மரக்கலத்தை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பேணினரென்றும், உளுத்த பலகைகளைக் களைந்து புதியன பொருத்தினரென்றும், அதனால் அது தத்துவ நூலார் வாதத்துக்கு இலக்காயிற்றென்றும் புளூட்டாக் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதினர். பழைய மோட்டார்வண்டிகளைப் பேணுவோரிடத்து அவ்வினா இக்காலத்தில் மீட்டும் எழுகின்றது.

வண்டியின் எஞ்சினை மாற்றுதல் பழகிய தொழிலாளிக்கு அரிதன்று. பற்றரியின் தொடர்பை நீக்கி, நீரையும் எண்ணெயையும் வடித்து, முன்மூடியைக் கழற்றி, எரிபொருட் குழாய், மின்கம்பி, புகைக்குழாய் என்பவற்றைப் பிரித்து, கியர்ப் பெட்டியினின்றும் விடுவித்து, தாங்கிகளின் ஆணிகளைக் கழற்றிச் சங்கிலிக் கப்பியால் உயர்த்தி எடுப்பர். வேறோர் எஞ்சினை அவ்வாறே இறக்குவர். அரிதாவது, அதன்பின் அவ்வண்டியை யாதென்று சொல்வது என்பதே. எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் இலக்கங்கள் வெட்டப்பட்டிருத்தலின், தொழிற்சாலையிற் பூட்டிய எஞ்சினோடு நிற்கும் பழைய வண்டிக்கு விலை மிகும்.

இதற்கு ஓர் உதாரணங் காட்டுவாம். ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லிப் பந்தய வண்டி, 1929-ம் ஆண்டிலும் 1930-ம் ஆண்டிலும் பிரான்சு தேசத்து லெ மான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. அப்போது அதன் எஞ்சின் ஆறரை லீற்றர் அளவினது. 1932-ம் ஆண்டில், எட்டு லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டு, இங்கிலாந்திலே புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் ஓடுகையில், அதன் மேட்டுக் கரையைத் தாண்டி வீழ்ந்தது. செலுத்திய கிளைவ் டன்ஃபீ உயிர்துறந்தார். பின்னர் அவ்வண்டி வேறு மேற்கூட்டுடன் மீளக் கட்டப்பட்டது. 1990-ம் ஆண்டில் அதனை ஒருகோடி பவுணுக்கு வாங்க உடன்பட்ட கம்பெனியார், இது பந்தயம் வென்ற வண்டியன்று என்று மறுக்க, வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. பழைய பாகங்கள் மிகச் சிலவே எஞ்சினமையால் ஆதியமைப்பு மாறாதது எனல் பொருந்தாதாயினும், வரலாறு இடையறாது தொடர்தலின் அது அவ்வண்டியே என்று நீதிபதி தீர்த்தனர்.

இத்தீர்ப்பினாற் பெறப்படுவது யாதெனின், உறுப்பு மாறினும் பொருளை அதுவென நிறுத்துவது அதன் தொடர்ந்த வரலாறு என்பதாம். அற்றாகவே, எஞ்சினை மாற்றுதல் குற்றமன்று; மாற்றியதை மறைத்தலே குற்றம். புதிதாக இறக்கிய எஞ்சினின் இலக்கத்தை அராவியழித்துப் பழைய இலக்கத்தை வெட்டுவோன், வண்டியை வண்டியாக நிறுத்தும் அவ்வரலாற்றையே கெடுக்கின்றான்.

புதிய எஞ்சின் பழையதினும் நன்றாக ஓடுமாயின் வாங்குவோனுக்கு நட்டம் என்னை எனின், கூறுதும். அவன் விலை கொடுத்தது ஓட்டத்துக்கு மாத்திரமன்று, வரலாற்றுக்குமாம். அவ்விரண்டில் ஒன்று பொய்யாயின் அவ்விலையும் பொய்யாம். அன்றியும், அவன் அப்பொய்யை மெய்யென நம்பிப் பிறனுக்கு விற்பான். மறைத்தவன் செய்த வஞ்சனை குற்றமில்லாதவன் வாயினும் வழங்கும்.

வாங்குவோன் கேளாதபோது சொல்லவேண்டுவதில்லை. வாளாவிருத்தல் பொய்யாகாது எனின், அங்ஙனமன்று. எஞ்சின் மாறவில்லை என்னும் நம்பிக்கையின்மேல் விலை எழுதப்பட்டதென்று அறிந்தும் வாய் மூடியிருப்போன், மௌனத்தினாற் பொய் சொல்லுகின்றான். அவ்விலையை அறியாதானது மௌனம் வேறு. அறிந்து கைநீட்டுவோனது மௌனம் வேறு.

ஆதலால், மாற்றுவோன் செய்யத்தக்கது இது: மாற்றிய நாளையும் இரண்டு இலக்கங்களையும் எழுதிவைத்தல்; கூடுமாயின் பழைய எஞ்சினையும் வண்டியோடு பேணி ஒப்புவித்தல். எஞ்சின் இலக்கம் மாறினாற் பதிவுப் பத்திரத்தைத் திருத்துவிக்கவேண்டுமென்பது பிரித்தானியாவில் விதியாகவும் உளது.

ஆசிரியன்மார் உயர்வகுப்பு மாணாக்கர்க்கு இவ்வினாவைக் கொடுத்து வாதிக்கச் செய்வாராக. வண்டி அதுவோ வேறோ என்பதில் அவர்கள் மாறுபடினும் மாறுபடுக. விற்போன் யாது சொல்லக் கடவன் என்பதில் மாறுபாட்டுக்கு இடமின்மையை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.