உறங்கும் வீட்டின் எண்

ஈ.பி. மீட்டரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் 3200. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி, அதைக் கொண்டு 1125-ஐ வகுத்தால் போதும். அந்தக் கணத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். நொடிக்கு ஒன்று என்றால் 1125 வாட். பத்து நொடிக்கு ஒன்று என்றால் 112 வாட் சொச்சம்.

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே அந்தப் பெட்டியின் முன் நின்றுகொண்டு சும்மா எண்ணுவது. உள்ளே யாரோ இஸ்திரிப் பெட்டியைப் போடுகிறார்கள். சிமிட்டல் சட்டென்று நெருங்குகிறது. அணைக்கிறார்கள், மறுபடி விலகுகிறது. பழைய மீட்டர்களில் இந்த இடத்தில் ஓர் அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர் ஒட்டோ பிளாத்தி 1889இல் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது அது. நூறு ஆண்டுக்கு மேல் உலகம் முழுவதும் வீட்டுச் சுவர்களில் சுழன்றது. சக்கரம் வேகமாக ஓடுவதைக் கண்டு 'எந்த ரூம்ல என்ன ஓடுது' என்று குரல் கொடுத்த தலைமுறை ஒன்று இருந்தது. சக்கரம் போன பிறகு மீட்டரைப் பார்க்கும் பழக்கமும் வீடுகளை விட்டுப் போனது. வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதிப் போகிறவர் வரும் நாளில்தான் அந்தப் பெட்டியின் நினைவு வருகிறது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத் தொகை, சாமான் பெயர் ஒன்றுமே எழுதாமல் கூட்டுத்தொகையை மட்டும் போட்டுத் தரும் மளிகைச் சீட்டு மாதிரி. கொடுக்கலாம், மலைக்கலாம். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

*

வீடு இழுக்கும் மின்சாரத்தைத் திரையில் காட்டும் எனர்ஜி மானிட்டர் என்ற கருவியின் பாதி, ஒரு வளையம். இரண்டாகத் திறந்து, மெயினிலிருந்து வரும் ஒயரைச் சுற்றி மூடிக்கொள்ளும். ஒயரை அறுக்க வேண்டாம், உரிக்க வேண்டாம். ஒயரில் ஓடும் மாறுமின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. வளையத்துக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் அது ஒரு சிறு கரண்டைத் தூண்டுகிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வகையில், ஒயரில் 100 ஆம்பியர் ஓடினால் வளையத்தில் 50 மில்லி ஆம்பியர். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைத்தான் நாம் அளக்கிறோம்.

வளையத்துக்குள் ஓர் ஒயர் மட்டுமே போக வேண்டும். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் இதைத்தான் முதலில் சொன்னார்: "ஃபேஸை மட்டும் விடுங்க சார். நியூட்ரலையும் சேத்து விட்டா, வீட்ல எல்லாம் ஓடுனாலும் ஒண்ணுமே காட்டாது." போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் அளவில் ஒன்று, திசையில் எதிர். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதை அழித்துவிடும்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதே பெட்டியில் அரையடி தள்ளி இருக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு வளையம்; ஆனால் அதன் வழியே இரண்டு ஒயர்களும் போகின்றன. போனது அத்தனையும் திரும்பி வரும்வரை அதற்கு வேலையில்லை. 30 மில்லி ஆம்பியர் அளவு திரும்பாமல் வேறு வழியில், யாரோ ஒருவருடைய உடம்பின் வழியாகக்கூட, மண்ணுக்குப் போய்விட்டால் பூஜ்யம் கலைந்து கணத்தில் இணைப்பை வெட்டிவிடும். ஒரே இயற்பியல், ஒரே பெட்டி. ஒரு வளையம் செலவைச் சொல்கிறது, இன்னொன்று உயிரைப் பார்த்துக்கொள்கிறது. என் வீட்டில் முதலில் இருக்க வேண்டியது இரண்டாவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இல்லாத வீட்டில் மானிட்டருக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்குச் செலவிடுங்கள்.

மாட்டுகிறவர்களுக்காக இன்னும் சில வரிகள். மீட்டரும் அதன் சீலும் மின்வாரியத்தின் சொத்து. வளையம் நம் மெயினுக்கு இந்தப் பக்கம்தான். மெயினை ஆஃப் செய்தாலும் அதற்குள் வந்து சேரும் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். தெரிந்தவர் கையால் மாட்டுவது நல்லது. வளையத்தின் இரண்டு முனைகளையும் கருவியில் இணைக்காமல், கரண்ட் ஓடும் ஒயரில் அதை மாட்டி வைக்கக் கூடாது. போக வழியில்லாத கரண்ட் முனைகளில் ஆபத்தான வோல்டேஜை ஏற்றிவிடும். வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் கருவியாகவே வாங்குங்கள். கரண்டை மட்டும் அளந்து, 230 வோல்ட் என்று தானாக எடுத்துக்கொண்டு பெருக்கிக் காட்டுபவை மோட்டார், ஃபேன் எல்லாவற்றிலும் பொய் சொல்லும்.

வேல்ஸ் நாட்டில் டிரிஸ்டன் லீ, கிளின் ஹட்சன் என்ற இருவர் ஓப்பன் எனர்ஜி மானிட்டர் என்ற பெயரில் இப்படிப்பட்ட கருவியின் வரைபடம், நிரல், கணக்கு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். வீட்டு மேசையில் சொந்தமாக இதைச் செய்து பார்த்த பலரும் அந்தப் பக்கங்களைப் படித்தே கற்றார்கள். அவர்களுக்கு நன்றியோடு இதை எழுதுகிறேன்.

*

திரையில் எண் வந்ததும் முதலில் கழன்று விழுந்தது, சத்தத்தை வைத்து நான் போட்டிருந்த கணக்கு.

கிரைண்டர் வீட்டையே அதிரவைக்கும். காட்டுவது 150 வாட். நாற்பது நிமிடம் ஓடி, குடும்பத்துக்கே இரண்டு நாள் இட்லிக்கு மாவாட்டி முடித்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. மிக்ஸி இன்னும் கத்தும். ஓடுவது இரண்டு நிமிடம். குளியலறை மூலையில் ஒரு முனகல்கூட இல்லாமல் நிற்கும் கீசர் 2000 வாட். கால் மணி நேரத்தில் அரை யூனிட். ஒருவர் வெந்நீரில் குளிக்கும் செலவில் ஐந்து முறை மாவாட்டலாம். சூடாக்குபவை எல்லாம் மௌனமாகவே எடுத்துக்கொள்கின்றன.

*

இந்தக் குறிப்புகளை எழுதவைத்தது வேறோர் எண்.

எல்லா விளக்கும் அணைந்து, ஃபேன்கள் நின்று, ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரும் ஓய்ந்திருக்கும் ஒரு வேளை உண்டு. அப்போதும் திரை பூஜ்யத்துக்கு வருவதில்லை. எங்கள் வீட்டில் அது 68 வாட்டில் வந்து நின்றது. யாரும் கேட்காத, யாருக்கும் பயன்படாத 68 வாட்.

கணக்கு எளிது. இடைவிடாமல் ஓடும் ஒவ்வொரு வாட்டும் அறுபது நாளில் 1.44 யூனிட். அப்படியானால் 68 வாட் என்பது 98 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானது. அந்த நூறில் ஏறக்குறைய முழுவதையும், வீட்டில் ஒருவர்கூட ஒரு சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே, சுவரோரம் செருகிக்கிடக்கும் பொருள்கள் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. விளக்குக்கும் காற்றுக்கும் கிடைத்த சலுகை என்று நான் நினைத்திருந்தது, உண்மையில் பயன்பட்டது உறங்கும் பெட்டிகளுக்கு.

செல்போனில் எண்ணைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தேன். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. ஒன்றைப் பிடுங்கி, எண் இறங்கி நிலைக்கும்வரை காத்திருந்து, எழுதிக்கொண்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். இன்வெர்ட்டர் 25. பேட்டரி நிறைந்த பிறகும் அதை நிறைந்த நிலையிலேயே வைத்திருப்பதற்கு அது எடுப்பது. செட்டாப் பாக்ஸ் 11. ரிமோட்டில் அணைத்தாலும் அதே 11. அணைவது முகத்தில் உள்ள விளக்கு மட்டும். வைஃபை ரௌட்டர் 9. ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் 7. மைக்ரோவேவ் அடுப்பு, மணி காட்டுவதற்காக மட்டும், 3. சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து, அவற்றைப் பற்றிய பேச்சுக்குத் தகுந்த அளவுகூட இல்லை. அளக்கும் கருவிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. எல்லாம் கூட்டியும் சில வாட்டுக்கு உரியவர் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய காலிங் பெல்லாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சிலவற்றைப் பிடுங்கியே வைத்ததில், இப்போது அந்த எண் 41. இதைவிடக் கீழே கொண்டுபோக நான் முயலவில்லை. இன்வெர்ட்டர் வேண்டும். 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது. அந்த ஆண்டுகளில் இரவில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அந்த 25 வாட்டை வீண் என்று சொல்ல மாட்டார்கள். இருக்கட்டும் என்று அறிந்து விடுவதும், இருப்பதே தெரியாமல் விட்டிருப்பதும் வேறு வேறு.

*

ரூபாய்க் கணக்கு ஒன்று. 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட் வரை உள்ள வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த நூறுக்கும் 4.50. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1725 ரூபாய். 501 ஓடியதற்கு 1958. அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய். விகிதங்கள் பிறகு மாறியிருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு படி இருக்கும் கட்டணத்தில், இரண்டு மாதத்தின் கடைசி வாரத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிவது சிறு வருமானக் குடும்பத்துக்குப் பெரிய உதவி. கருவிக்குக் கொடுத்த விலையை நியாயப்படுத்த எனக்கு இது ஒன்றே போதும்.

*

அப்பா அறையின் ஃபேன் இருபது ஆண்டுப் பழையது. 75 வாட். இரவு ஒன்பது மணி நேரம். இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட். அந்த எண் வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. அப்பா தானாகவே ஒரு நாள் வேகத்தைக் குறைத்து வைத்துப் படுத்தார். அன்றே கூடத்தில் இருந்த திரையை எடுத்துவிட்டேன்.

இது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்த எண் பார்ப்பவர் தன்னைப் பார்ப்பதற்கு. வயதானவரின் காற்றையும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கையும், சமையலறையில் வேகிறவரின் எக்ஸாஸ்ட் ஃபேனையும் கண்காணிப்பதற்கு அல்ல. வீட்டில் கருவியைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆண்; வீட்டின் மின்சாரத்தில் வேலை செய்பவர் பெரும்பாலும் பெண். இதை மறந்தால் அளவு என்பது அதிகாரமாகிவிடும். அப்பாவின் அறைக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினோம். முழு வேகத்தில் 30 வாட். இப்போது அவர் ஐந்திலேயே வைத்துத் தூங்குகிறார்.

*

திரையின் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், இன்னோர் எண் இருக்கிறது: 50.0. சில நேரம் 49.9. மின்சாரத்தின் அதிர்வெண்.

வோல்டேஜ் தெருவுக்குத் தெரு மாறும். எங்கள் தெருவில் விடியற்காலை 240க்கு மேல், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் 212. அதிர்வெண் அப்படியல்ல. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை தென்னகக் கட்டமைப்பை நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைத்தது. அதற்குமுன் நாம் தனி. 2012 ஜூலையில் மின்சாரம் போய் வடக்கும் கிழக்கும் இருண்டபோது தெற்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது அதனால்தான். இப்போது மதுரையில் என் திரையில் தெரியும் 49.9, அதே கணத்தில் லூதியானாவில் ஒரு தறியின் மோட்டாருக்கும் 49.9.

நாடு கேட்பது உற்பத்தியைவிடச் சற்றே கூடினால், நெய்வேலியிலும் மேட்டூரிலும் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் டர்பைன்கள் இம்மியளவு தளர்கின்றன. எண் இறங்குகிறது. கேட்பது குறைந்தால் ஏறுகிறது. 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு பிரதமர் கேட்டுக்கொண்டபடி நாடே விளக்கை அணைத்த அந்த வேளையில் 31,000 மெகாவாட்டுக்கும் மேல் தேவை சரிந்தது. கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்கள் நீர்மின் நிலையங்களைக் குறைத்தும் கூட்டியும் அதிர்வெண்ணை 49.7க்கும் 50.26க்கும் இடையில் பிடித்து நிறுத்தினார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

நான் கிரைண்டரைப் போடும்போது அந்த 150 வாட்டுக்காக எங்கோ ஒரு டர்பைன் தண்டு, அளக்கவே முடியாத அளவு, கனக்கிறது. அளக்க முடியாதது என்பதால் இல்லாததாகிவிடாது. இதை அறிந்த பிறகு அந்தச் சிறிய எண்ணைப் பார்க்காமல் திரையை மூட எனக்கு மனம் வருவதில்லை.

*

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கோடு எனக்கு மிகவும் பிடித்தது. போட்ட நொடியில் ஓர் ஊசி போலப் பல மடங்கு எழும்பி, உடனே இறங்கி, 1100 வாட்டை ஒட்டி நேராக ஓடும். தொட்டி நிரம்பும்வரை அப்படியே. கோடையில் ஒரு மாலை அந்த நேர்கோடு நடுவில் தணிந்து 800க்கு வந்தது. தண்ணீர் ஏறாதபோது பம்புக்கு வேலை குறைவு, இழுப்பதும் குறையும். நான் திரையைப் பார்த்து இதைப் புரிந்துகொள்ளும் முன்பே, சமையலறையிலிருந்து அம்மா சொல்லிவிட்டாள்: "தண்ணி எறங்கிருச்சுப்பா. மோட்டார நிறுத்து, காயில் போயிரும்." அவள் காதால் கேட்டது.

பங்குனி வருவதற்குள் மோட்டாருக்கு மட்டும் தனியாக ஒரு வளையம் மாட்ட வேண்டும். எந்த மாதத்தில், எத்தனை நிமிடம் ஓடிய பிறகு அந்தக் கோடு தணிகிறது என்று தேதி போட்டு எழுதிவைக்கலாம். அம்மாவிடமும் கேட்டு, அவள் சொல்லும் நேரத்தைப் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டும்.