விளக்கில் வீழும் சிற்றுயிர்

எண்ணாமல் விளைந்த கொலைக்குப் பாவம் உண்டோ என்னும் வினாவை நம் உபாசகர்கள் பல காலமாக நம்மிடம் கேட்டு வருகின்றனர். எண்ணமே வினையாகும் என்பது பகவானின் போதனையாதலின், எண்ணமில்லாவிடத்துப் பாவமில்லை என்று நாமும் எளிதில் விடையிறுத்து வந்தோம். கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியாகிய பெஹாலாவில் தமிழன்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தபோது அவ்விடை நம் நாவிலேயே தடுமாறிற்று.

அப்பருவத்தின் இயல்பை முதலில் கூறுதல் வேண்டும். நம் நாட்டில் ஐப்பசியில் அடைமழை தொடங்கும்; வங்காளத்திலோ அப்போதுதான் மழை விடைபெறும். வெற்றிடம் கண்டவிடமெல்லாம் காசம் என்னும் நாணற்புல் வெண்பூ எடுத்து நிற்கும். விடியலில் பவழமல்லி மரத்தடி முழுதும் பூ உதிர்ந்து கிடக்கும். வடக்கிலிருந்து வலசை வந்த பழுப்புக் கீச்சான் கம்பியில் அமர்ந்து கரகரவெனக் கத்தும். மாடியில் நின்று நோக்கினால் வீடுகளுக்கிடையே எஞ்சியுள்ள குளங்களில் மடையான்கள் அசையாது நிற்பதைக் காணலாம். அவ்வூரில் குன்று இல்லை. நமக்கு அம்மாடியே குன்றாயிற்று.

ஆசுவின பௌர்ணமியன்று பிக்குகளின் மழைக்காலத் தங்கல் நிறைவுறுகிறது. மழையில் நடமாடிப் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனரே என்று மக்கள் குறை கூறியதனாலேயே அத்தங்கல் விதிக்கப்பட்டது என்று விநயம் கூறும். அதன் முடிவில் நிகழும் பவாரணையில், தம்மிடத்துக் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றங்களைச் சுட்டும்படி ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தை வேண்டிக்கொள்வார். பெரியோரைச் சிறியோர் திருத்துதற்கும் அதில் இடமுண்டு. நமக்கு நேர்ந்ததும் அதுவே.

பௌர்ணமிக்குப் பின் காளி பூசையை ஒட்டிய நாட்களில் ஒருவகைப் பச்சைப் பூச்சி விளக்குகளை மொய்க்கத் தொடங்கிற்று. எள்ளினும் சற்றே பெரியது. காளிக்குரிய சியாமா என்னும் பெயரால் வங்காளியர் அதனைச் சியாமா போகா என்பர். நெல்லின் சாற்றை உறிஞ்சி வாழும் பச்சைத் தத்துப்பூச்சியே அது. அவ்வில்லத்தார் பகவானுடைய படிமத்தின் முன் இரவு முழுவதும் மின்விளக்கு எரியவிட்டிருந்தனர். காலையில் பீடத்தின் கீழே இறந்த பூச்சிகள் பச்சைத் தவிடுபோல் கிடந்தன. அவற்றைப் பெருக்கிக்கொண்டிருந்த அன்பரின் மகள், பத்து வயதுச் சிறுமி, நம்மை நோக்கி, "ஐயா, பஞ்சசீலம் சொல்லிவிட்டுத்தானே விளக்குப் போடுகிறோம்? இவையெல்லாம் யார் கணக்கில் சேரும்?" என்றாள்.

நாம் சக்குபாலத் தேரரின் வரலாற்றைக் கூறினோம். கண்ணிழந்த அத்தேரர் மழைபெய்த மறுநாள் உலாவுகையில் தம்பலப்பூச்சிகள் பல மிதிபட்டு இறந்தன. பிறர் குறை கூறியபோது, அவர் கண்டிலர், கொல்லும் எண்ணமும் அவர்க்கில்லை என்று பகவான் விளக்கினார். சிறுமி சற்று யோசித்து, "அவருக்குக் கண் தெரியாது. நமக்குத் தெரிகிறதே, ஐயா?" என்றாள். நாம் வாளாவிருந்தோம்.

பகவான் ஓரிரவு எண்ணெய் விளக்குகளில் வீழும் விட்டில்களைக் கண்டு உதானம் உரைத்த செய்தி நம்மவர் அறிந்ததே. அதனைக் கொண்டு, ஆசையால் அழியும் மாந்தர்க்கு விட்டிலை உவமை காட்டி நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஆனால் 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வேறுவிதமாகக் கூறுகிறது. பறக்கும் பூச்சிகள் பல, வானொளி மேலேயுள்ளது என்னும் இயல்புணர்வால் முதுகை ஒளியின் பக்கம் திருப்புகின்றன. அருகில் செயற்கை விளக்கு இருப்பின் திசைமாறி அதனையே சுற்றிச் சிக்குண்கின்றன. மிகவிரைவுப் படக்கருவியால் இதனைக் கண்டனர். அங்ஙனமாயின் விட்டிலின் ஆசையைப் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்? வழி கெடுப்பது நம் விளக்கு.

ஆலையில் நூற்புப் பகுதியில் நாம் வேலை செய்த காலத்து நிகழ்ச்சி ஒன்று அன்று நினைவிற்கு வந்தது. ஓர் இயந்திரத்தின் பற்சக்கர மூடி கழன்றுபோயிற்று. வேலை நிற்குமென்று அதனைத் திரும்பப் பொருத்தவில்லை. மூன்றாம் வாரத்தில் ஓர் இளைஞன் இரு விரல்களை இழந்தான். "யாரும் வேண்டுமென்று செய்யவில்லை" என்றார் மேலாளர். அது மெய்யே. ஆயினும் மூடியில்லை என்பதை அவர் அறிவார். நாள்தோறும் அவ்வழியே நடந்த நாமும் அறிவோம். நாம் வாய் திறந்தோமில்லை. கொல்லும் எண்ணம் இல்லாமை வேறு. அறிந்தபின் வாளாவிருத்தல் வேறு. நீரில் உயிருண்டென்று அறிந்தே அதனைப் பயன்படுத்தும் பிக்குவுக்கு விநயம் குற்றம் விதித்தது. நீர்வடிகட்டியைப் பிக்குவின் எட்டு உடைமைகளுள் ஒன்றாக வைத்ததும் அதனாலன்றோ?

நிற்க. பயிரைக் காக்க விளக்குப்பொறி வைக்கும் உழவரை இவ்வுரையால் நாம் பழிக்கின்றோம் அல்லோம். அவர் வினா கடினமானது; ஒரு பத்தியில் அடங்காது. நம் வீட்டு விளக்கோ யார் பசியையும் தீர்ப்பதன்று.

அன்று மாலை அன்பர் வந்தனைக்கு மட்டும் ஓர் அகல் ஏற்றிக் கண்ணாடிக் கூண்டினுள் வைத்தார். வந்தனை முடிந்ததும் அணைத்தார். மின்விளக்கைப் போடவில்லை. மறுநாட்காலை சிறுமி பெருக்கியவை ஒரு கையில் அடங்கின. அவற்றை எண்ணினாள், பன்னிரண்டு. "நாளைக்குக் கூண்டின் மேல்துளையையும் வலையால் மூடலாம், ஐயா" என்றாள். வழக்கம்போல் சுவரில் வந்து காத்திருந்த பல்லி, அன்றிரவு நெடுநேரம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு விளக்கை நோக்கிச் சென்றது.