பங்கும் பாடும்

கடற்கரையையும் ஆற்று முகத்துவாரங்களையும் எப்படிப் பேணுவது என்று பேசுகிற அறிஞர்கள் இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை மறவாமல் சொல்கிறார்கள். 'உள்ளூர் மக்களையும் பங்குதாரர்கள் அனைவரையும் கலந்துகொண்டே எதையும் செய்ய வேண்டும்' என்பது அந்த வாக்கியம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. யாருமே மறுக்காத ஒரு வாக்கியத்தைக் கண்டால் எனக்குச் சற்றுச் சந்தேகம் பிறப்பது வழக்கம். ஒவ்வொருவரும் அதற்குத் தமக்கு வேண்டிய பொருளை வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்களோ என்று தோன்றும். பங்குதாரர் என்றால் யார்? அவருக்கு அந்தப் பங்கைக் கொடுத்தது எது? இதைத் தெளிந்துகொள்ளாமல் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுப் பயனில்லை.

'திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு கடற்கரையைப் பற்றி எழுத உமக்கு என்ன உரிமை?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. சந்தையில் வாங்குகிற கருவாட்டோடு எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது என்றே எங்கள் ஊரார் நினைக்கிறார்கள். ஆனால் எங்கள் கொடகனாறு அப்படி நினைக்கவில்லை. அது மேற்கே மலையில் பிறந்து, ஆத்தூர்ப் பக்கமாக இறங்கி, வேடசந்தூர் வட்டாரத்தைக் கடந்து, கரூர்ச் சீமையில் அமராவதியோடு சேர்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. ஆண்டில் பல மாதம் அதில் மணல்தான் ஓடுகிறது என்பது உண்மை. என்றாலும் உறவு உறவுதான். மேட்டிலே இருப்பவன் செய்கிற காரியத்தின் பலன் பள்ளத்திலே இருப்பவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருகிறது. மேட்டிலே இருப்பவனுக்கு அந்த வாசல் தெரிவதில்லை. நான் பேச வந்த விஷயம் அந்தத் தெரியாமையைப் பற்றியது.

1996ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி குல்தீப் சிங் அமர்ந்திருந்த ஆயங்களிலிருந்து, தமிழ்நாட்டின் தண்ணீரைப் பற்றி இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஆகஸ்டு மாதத்துத் தீர்ப்பு தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றியது. வேலூர் மக்கள் பாலாற்றுக்காகத் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பில் எங்கள் திண்டுக்கல் மாவட்டமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாதவற்றை மூடச் சொன்னது நீதிமன்றம். டிசம்பர் மாதத்துத் தீர்ப்பு கடலோர இறால் பண்ணைகளைப் பற்றியது. நாகப்பட்டினக் கரையின் வயல்களை இறால் குட்டைகளாக வெட்டியவர்களை எதிர்த்து 1994இல் வழக்குத் தொடுத்தவர் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன். அவர் 2013இல் காலமானது எங்கள் காந்தி கிராமத்தில். அவரோடு அந்தப் போராட்டத்தில் நின்ற அவர் மனைவி கிருஷ்ணம்மாள் எங்கள் சீமையில் பிறந்தவர்.

இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொருள் இரண்டிலும் தட்டுப்படும். அது உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன்மேல் உப்பை அப்புகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழுவப்பட்டு, குரோமியத்தோடும் மற்றச் சரக்குகளோடும் சேர்ந்து வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகிறது. பிறகு கிணற்றுக்குள் இறங்குகிறது. எங்கள் ஊரைச் சுற்றி இப்படிக் கெட்ட கிணறுகளின் தண்ணீரை நான் நாவில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாகைக் கரையில் கடல் நீரையே குழாய் வைத்து இறைத்து வயலுக்குள் கொண்டுவந்தார்கள்; அங்கும் குடிநீர்க் கிணறு கரித்தது. தோலும் இறாலும் வெளிநாட்டுக்குப் போயின. அதற்கு ஈடாக அன்னியச் செலாவணி வந்தது. உப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இறால் பண்ணையால் வருகிற வருமானத்தைவிட விளைகிற நஷ்டமே பெரிது என்று, நீதிமன்றம் ஆராயச் சொன்ன தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தக் கணக்கில் வருமானம் ஒருவருடையது, நஷ்டம் இன்னொருவருடையது.

இப்போது சொல்லுங்கள், இங்கே பங்குதாரர் யார்? தமிழில் பங்கு என்ற சொல்லுக்கு வியாபார வாடை உண்டு. முதல் போட்டவன் பங்குதாரன். லாபத்தில் அவனுக்கு வீதம் உண்டு. கிணறு கரித்துப்போன வீட்டுப் பெண் எந்த முதலும் போடவில்லை. ஒரு மைல் நடந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவருகிறாளே, அவளுக்கு உரியதற்கு வேறு சொல் இருக்கிறது. அதைப் பாடு என்கிறோம். 'என் பாடு எனக்குத்தான் தெரியும்' என்று அவள் சொல்லும்போது உரிமையின் அடித்தளத்தையே சொல்லிவிடுகிறாள். ஒரு காரியத்தின் பலனை உடம்பால் சுமக்கிறவருக்கு அந்தக் காரியத்தைப் பற்றிப் பேச மற்ற எல்லோரையும்விட முன்னுரிமை உண்டு. நான் கண்ட வரையில் பங்கின் நியாயத்தைவிடப் பாட்டின் நியாயமே மூத்தது.

பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் பல தலைமுறைகளாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவனே நல்ல இடத்தில் என்றும் நிற்க முடியாது. இன்று அவன், நாளை இவன். இந்த முறைக்குப் பெயர் என்ன தெரியுமா? பாடு என்பதுதான்! இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப் போன்ற முறை உண்டு. துருக்கி நாட்டின் அலன்யா என்ற ஊரிலும் மீனவர்கள் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொண்டதை எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார் எழுதினார். பொதுச் சொத்தை விட்டால் மக்கள் மேய்ந்து அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் என்பவர் 1968இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பிரபலமாயிருந்தது. 'அழிப்பவர்களும் உண்டு, காப்பவர்களும் உண்டு. காப்பவர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்' என்பது அம்மையாரின் பதில். 2009இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். எங்கள் ஏரி மாவட்டங்களின் குடிமராமத்தும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

அப்படியானால் ஊரார் கையில் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அவ்வளவு சுலபமாக நான் சொல்ல மாட்டேன். ஊர் என்றால் யார் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது. பழவேற்காட்டுப் பாட்டு முறைக்குள் ஒரு சமூகத்தார் அமர்ந்திருக்கிறார்கள். அதே ஏரியை நம்பிப் பிழைக்கிற பழங்குடியினரும் தாழ்த்தப்பட்டவர்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். கடலோர ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. மீனைக் கூடையில் சுமந்துபோய் விற்றுக் குடும்பத்தை நடத்துகிறவள் அவள். ஆனால் கூட்டம் நடக்கும்போது அவள் தள்ளி நிற்க வேண்டும். குடிமராமத்தின் கதையும் முழுக்கப் பொன்னல்ல. 1858ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் அதற்காக ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். நிலம் இருந்தவனுக்குத் தண்ணீர் போயிற்று. மண்வெட்டி பிடித்த கைகளில் நிலமில்லாத கைகளும் இருந்தன. ஊரின் பழைய வழக்கம் என்பதற்காக ஓர் அநியாயம் நியாயமாகிவிடாது.

இன்னொரு தடையும் உண்டு. அது இதைவிடக் கடினமானது. தோல் தொழிற்சாலையை மூடு என்றதும் முதலில் வேலை இழப்பவன் முதலாளியல்ல. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற கூலியாள். அவனும் பாடு படுகிறவன்தான். கிணறு கெட்ட விவசாயியின் பாட்டையும் வேலை இழந்த கூலியின் பாட்டையும் எந்தத் தராசில் நிறுப்பது? இதற்குச் சுருக்கமான விடை கிடையாது. ஆயினும் ஒரு வழி எனக்குப் புலப்படுகிறது. ஒரு தீமை நேர்ந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட முடிந்தவர் யார், போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து அனுபவிக்க வேண்டியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். இறால் குட்டையில் நோய் விழுந்தால் முதல் போட்டவர் வேறு கரைக்குப் போய்விடுவார். விவசாயி தம் வயலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. கூலியாளும் பெரும்பாலும் போக முடியாதவரே. போக முடியாதவர்கள் இருவரும் முதலில் தங்களுக்குள் பேசட்டும். போக முடிந்தவர் பிறகு பேசட்டும். நம்முடைய கூட்டங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று சிலர் சொல்லுவார்கள். இருக்கிறது, அது செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1996இல் நீதிமன்றம் கடலோரத்துக்குக் கட்டிய வேலியை, 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று ஓர் ஆணையச் சட்டம் இயற்றித் தளர்த்தியது. பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்தலாம் என்று வழி பிறந்தது. மேலேயிருந்து வருகிற நியாயம் மேலேயிருந்தே திரும்பிப் போகவும் கூடும். 2023இல் தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களில் மேலாண்மைத் திட்ட வரைபடங்களுக்காக மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். தங்கள் குடியிருப்புகளையும் தொழில் செய்யும் இடங்களையும் வரைபடம் சரியாகக் காட்டவில்லை என்று மீனவர்கள் சொன்னார்கள். படத்தை வரைந்து முடித்த பிறகு மனிதரைக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

செம்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தண்ணீர் பாய்ச்சி வந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். நீர்பாய்ச்சி என்று எங்கள் பக்கம் சொல்லுவோம். அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இல்லை. தமக்கென்று வயல் இல்லாதவர் ஒரு வயலுக்காக இன்னொரு வயலை வஞ்சிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் ஊர் அந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தது. நிலமில்லாமை ஒரு தகுதியாகிப்போன விசித்திரம் அது! தண்ணீர் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன்.

"என்னக் கேக்காதீங்கய்யா. மடையத் தொறந்துவிட்டவன் போயிருச்சுன்னுதான் சொல்லுவான். கடைமடைக்காரவுக ரெண்டு பேரக் கூப்பிட்டுக் கேளுங்க. அவுக ஆமான்னாத்தான் ஆமா" என்றார்.

நிர்வாக சாஸ்திரம் படித்தவர்கள் எத்தனையோ பக்கங்களில் சொல்வதை அவர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தண்ணீர் போயிற்று என்பதற்குக் கடைசி வயலில் இருப்பவனே சாட்சி. இதை ஒரு கண்மாயோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? ஒரு நதிக்குக் கடைமடை எது? முகத்துவாரம்தான். மேட்டுச் சீமையில் இருக்கும் நாங்கள் அத்தனை பேரும் தலைமடைக்காரர்கள். முகத்துவாரத்தில் வலை வீசுகிறவனே கடைமடைக்காரன். மழைக்காலத்தில் நாங்கள் எல்லோரும் கூசாமல் ஒரு வார்த்தை சொல்லுவோம்: 'இத்தனை தண்ணீரும் வீணாய்க் கடலில் கலக்கிறதே!' வீண் என்று தீர்ப்புச் சொன்ன நாம் கடைமடைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டோமா? ஆற்று நீர் வேகமாய் வந்தால்தான் முகத்துவாரம் மணல் அடைக்காமல் திறந்திருக்கும். நல்ல நீரும் உப்பு நீரும் கலக்கிற அந்த இடத்தில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்ந்து ஆளாகின்றன. நமக்கு வீணாகத் தோன்றுகிற தண்ணீர் அவனுக்கு விதைநெல்.

ஆகையால் உள்ளூர் மக்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற அந்த இனிய வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. அதோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறேன். கூட்டத்தில் கடைமடைக்காரன் முதலில் பேச வேண்டும். அவன் பேச்சை ஊரின் பெரியவர்கள் அவனுக்காகப் பேசிவிடக் கூடாது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமடைக்காரனும் போக வேண்டும். அவன் அங்கே போவது பங்கு கேட்பதற்கல்ல, பதில் சொல்வதற்கு. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இந்த மேட்டுச் சீமைக்கும் அந்தக் கரைக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நாகைக் கரையில் அவர்களுக்குப் பங்கு ஏதும் இருக்கவில்லை. அங்கே பிறர் பட்ட பாட்டைத் தங்கள் பாடாக எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். அடுத்த மழையில் கொடகனாற்றில் தண்ணீர் வரும்போது, அதில் எதைக் கலந்து அனுப்புகிறோம், எவ்வளவை அனுப்புகிறோம் என்று கீழே இருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.